மட்டக் காசுக்கு நீண்ட ஆயுள்

சுவிட்சர்லாந்தில் 1879 என்று ஆண்டு பொறித்த பத்து ராப்பன் காசு இன்றும் செல்லும். ரொட்டிக் கடையில் மற்றச் சில்லறையோடு சேர்த்து நீட்டினால் கடைக்காரர் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வார். அதன் வயது அவர் கண்ணில் படாமலே போகலாம். இப்போது அடித்து வெளிவரும் பத்து ராப்பனிலும் அதே சுதந்திர தேவியின் தலை, அதே அளவு, அதே செம்பு-நிக்கல் கலவை. உருமாறாமல் மிக நீண்ட காலம் புழங்கிவரும் நாணயம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் அதைப் பதிவு செய்திருக்கிறது.

அதே நாட்டின் ஒரு பிராங்க், இரண்டு பிராங்க் காசுகளும் 1870களில் பெற்ற உருவத்தை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவற்றில் 1879ஆம் ஆண்டுக் காலத்துக் காசு ஒன்றைக்கூட இன்று செலவழிக்க முடியாது. 1967 வரை அடித்தவை வெள்ளி. வெள்ளியின் விலை ஏறியதும் 1968இல் சுவிஸ் அரசு செம்பு-நிக்கலுக்கு மாறியது. 1971இல் பழைய வெள்ளிக் காசுகளுக்குச் செல்லுபடி இல்லை என்றாகிவிட்டது. உயர்ந்த உலோகம் போய்விட்டது, மட்டமான உலோகம் நின்றுவிட்டது.

ஒரு காசு எத்தனை காலம் கைமாறிக்கொண்டிருக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் தேய்மானத்தைத்தான் நினைப்பார்கள். விரல் பட்டுத் தேய்கிறது, பையிலுள்ள மற்றக் காசுகளோடு உரசி எழுத்து மழுங்குகிறது, ஒருநாள் கழிக்கப்படுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் தேய்ந்து முடிந்த காசுகள் குறைவு. பெரும்பாலானவற்றை முடித்துவைத்தது கணக்கு. காசுக்குள் இருக்கும் உலோகம் என்ன விலை, அந்தக் காசு என்ன பொருளை வாங்கித்தரும் என்ற இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. தாள் நோட்டு இதற்கு நேர்மாறு. அது உண்மையிலேயே உடல் நலிந்து போகிறது.

தேய்மானத்தை விஞ்ஞானிகள் வெகுநாள் முன்பே அளந்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு கவலை. புழக்கத்திலிருந்த தங்கக் காசுகள் எடை குறைந்து திரும்பிவந்தன. தங்கத்தில் கலக்கும் செம்பின் அளவு சரியில்லையா, அச்சின் மேடுபள்ளம் தேய்மானத்தைக் கூட்டுகிறதா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ஹென்றி கேவண்டிஷிடமும் சார்லஸ் ஹாட்செட்டிடமும் வந்தது. ஹைட்ரஜனைத் தனி வாயுவாக அடையாளம் கண்ட அதே கேவண்டிஷ்தான். காசுகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி முன்னும் பின்னும் தேய்க்கும் ஒரு கருவியை அவர் வடிவமைத்தார். பல கலவைகளில் செய்த தங்கத் துண்டுகளை அதில் உரசவிட்டுப் பிறகு நிறுத்துப் பார்த்தார்கள். 1803இல் ஹாட்செட் வெளியிட்ட அறிக்கையின்படி, பதினொரு பங்கு தங்கத்துக்கு ஒரு பங்கு வேறு உலோகம் என்ற வழக்கமான கலவையில் குறை ஏதும் இல்லை. நியாயமான புழக்கத்தில் தங்கம் தேய்வது மிகக் கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம் என்பதைச் சொல்ல இன்னொருவர் வரவேண்டியிருந்தது. பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஆய்வகத்தில் உரசிப் பார்க்காமல், மக்கள் கையில் உண்மையாகவே புழங்கிய காசுகளை எண்ணிப் பார்க்க முடிவு செய்தார். நாடெங்கும் உள்ள வங்கிக்காரர்களுக்கு எழுதி, அவர்களிடம் வந்துசேரும் சவரன் என்ற தங்கக் காசுகளில் எந்த ஆண்டு பொறித்திருக்கிறது என்று குறித்து அனுப்பச் சொன்னார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளின் ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தன. 1868இல் வெளிவந்த அவருடைய கணக்கின்படி ஒரு சவரன் ஆண்டுக்குச் சராசரியாக 0.043 கிரெயின் எடை இழக்கிறது. இன்றைய அளவில் சுமார் 2.8 மில்லிகிராம். சவரனின் முழு எடையோ எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைவு. இதே வேகத்தில் தேய்ந்தால் அதன் தங்கத்தில் பாதி போக 1,400 ஆண்டுகள் பிடிக்கும்.

ஆனால் சட்டம் அவ்வளவு பொறுமையாக இல்லை. சுமார் 50 மில்லிகிராம் குறைந்தாலே சவரன் சட்டப்படி செல்லாது. ஜெவன்ஸின் கணக்கில் அந்த எல்லையைத் தொடப் பதினெட்டு ஆண்டு போதும். அப்படியானால் பதினெட்டு வயதைத் தாண்டிய சவரன்கள் வங்கிக்குத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? திரும்பவில்லை. புழக்கத்திலிருந்த சவரன்களில் நூற்றுக்கு 31க்கும் மேல் சட்ட எடைக்குக் கீழே இருந்தன. அரைச் சவரன்களில் ஏறக்குறைய பாதி அப்படி. கடைத்தெருவில் யாரும் தராசு வைத்துக்கொண்டு காசு வாங்குவதில்லை. தங்கத்தை உருக்குபவரும் வெளிநாட்டுக்கு அனுப்புபவரும் மட்டுமே நிறுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடை நிறைந்த புதுக் காசுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, தேய்ந்தவற்றைத் தெருவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இளமையோடு இருந்த காசு சீக்கிரம் மறைந்தது, கிழடு தட்டியது ஊரைச் சுற்றியது.

மட்டக் காசு நல்ல காசைத் துரத்திவிடும் என்ற இந்த விதிக்கு கிரெஷாம் விதி என்று பெயர். முதலாம் எலிசபெத் ராணிக்குப் பண விவகாரங்களில் ஆலோசகராக இருந்த தாமஸ் கிரெஷாமின் பெயரை 1858இல் ஹென்றி மெக்லியாட் என்ற பொருளியலாளர் அதற்குச் சூட்டினார். கிரெஷாமுக்கு முன்பே பலர் இதைக் கவனித்திருக்கிறார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸ், பிரஷ்யாவின் நாணயங்கள் மட்டமாகிவந்ததைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இதே கருத்து இருக்கிறது. வானத்தையும் சந்தையையும் ஒருவரே இவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பது வியப்புக்குரியது.

ரோமாபுரியில் இதற்கு அழகான சான்று உண்டு. கி.மு. 32-31இல், ஆக்டியம் கடற்போருக்கு முன், தன் படைவீரர்களுக்குக் கூலி கொடுக்க மார்க் ஆண்டனி பெருமளவில் தெனாரியம் என்ற வெள்ளிக் காசுகளை அடித்தார். ஒருபுறம் கப்பல், மறுபுறம் படையணியின் கழுகுச் சின்னம். வெள்ளி தரம் குறைந்தது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். போரில் ஆண்டனி தோற்றார், இறந்தார். வென்ற அகஸ்டஸ் நல்ல வெள்ளியில் காசு அடித்தார். இரு நூறாண்டுகளுக்குப் பிறகு புதைக்கப்பட்ட காசுக் குவியல்களைத் தோண்டினால், தோற்றவரின் காசு முகம் மழுங்கிப்போய் இன்னும் கிடைக்கிறது. உருக்கினால் லாபமில்லை, சேமித்துவைக்கவும் யாருக்கும் மனமில்லை. அதனால் கைமாறிக்கொண்டே இருந்தது. கி.பி. 64இல் பேரரசர் நீரோ தெனாரியத்தின் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு, அதற்கு முந்திய நல்ல வெள்ளிக் காசுகளை ரோமில் ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். 107இல் டிராஜன் பேரரசர் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்.

அந்த நல்ல காசுகள் கடல் கடந்தும் வந்தன. கொங்கு நாட்டில் தோண்டியெடுத்த ரோமானிய வெள்ளிக் குவியல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகளே மிகுதி. மிளகுக்கு விலை வாங்கிய வணிகர்கள் தலை உருவத்தைப் பார்த்தே தரத்தைத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. புதுக்கோட்டைக்கு அருகே கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில் அந்தக் காசுகளை ஆராய்ந்து ஒரு விளக்கம் சொன்னார்: தேய்ந்து எடை குறைந்த காசு இனிப் புழங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அந்த வெட்டு. உருவ வழிபாட்டுக்கு எதிர்ப்பு என்பது போன்ற வேறு விளக்கங்களும் இருக்கின்றன. ஹில் சொன்னது சரியென்றால், பொன்னை எடையாகவே மதித்த ஒரு நாட்டில் காசின் ஓய்வு வயதைத் தராசு முடிவு செய்திருக்கிறது. ஜெவன்ஸின் இங்கிலாந்தில் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்த ஒழுங்கு, இங்கே உளி முனையில் நடந்திருக்கிறது.

உலோகத்தின் விலை முகமதிப்பைவிட வெகு கீழே இருந்தால் காசு எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு பிரிட்டனின் பழைய பென்னியே எடுத்துக்காட்டு. 1860இல் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறிய பென்னி, 9.4 கிராம் எடையும் அதே அளவும் கொண்டு நூறாண்டுக்கும் மேல் அடிக்கப்பட்டது. 1960களில்கூட பஸ் நடத்துநர் கொடுக்கும் சில்லறையில் இளம் விக்டோரியா ராணியின் கொண்டைத் தலை தட்டுப்படும். முகம் வெறும் நிழலாகத் தேய்ந்திருந்தாலும் பென்னி பென்னிதான். 1971 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டன் பதின்மக் கணக்குக்கு மாறியது. ஆகஸ்ட் மாத முடிவில் பழைய பென்னி விடைபெற்றது. நூற்றுப்பத்து ஆண்டு ஓடிய காசைத் தேய்மானம் நிறுத்தவில்லை, ஒரு சட்டம் நிறுத்தியது. அதே காலத்தில் ஓடிய வெள்ளி ஷில்லிங்கோ 1920இல் பாதி வெள்ளியாகி, 1947இல் வெள்ளியே இல்லாமலாகி, முந்தியவை மெல்ல மெல்லக் காணாமல் போயிருந்தன. செம்பு-நிக்கல் ஷில்லிங் மட்டும் ஐந்து புதுப் பென்னி என்று மறுபிறவி எடுத்து 1990 முடியும் வரை ஓடியது.

இந்தியாவின் வெள்ளி ரூபாய் இன்னும் பெரிய கதை. ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதல் உலகப் போரின்போது உலகச் சந்தையில் வெள்ளி விலை கிடுகிடுவென ஏறியது. ரூபாயை உருக்குவது லாபம் என்ற நிலை வந்ததும் காசு மறையத் தொடங்கியது. 1917 நவம்பர் 30ஆம் தேதி அரசு ஒரு ரூபாய்த் தாள் நோட்டை வெளியிட்டதற்கு இந்த வெள்ளித் தட்டுப்பாடுதான் காரணம். மறு ஆண்டு அமெரிக்கா ஒரு தனிச் சட்டம் இயற்றி, தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 25 கோடிக்கும் மேற்பட்டவற்றை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பங்கு இந்தியாவுக்கு விற்கப்பட்டது. ஒரு நாட்டின் சில்லறையைக் காப்பாற்ற இன்னொரு நாட்டின் காசு கோடிக்கணக்கில் உருகியது.

இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் அதே நெருக்கடி. 1940இல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. உடனே தரமான பழைய ரூபாய்கள் பானைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இறங்கின. அரசு அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்ப அழைத்தது. விக்டோரியா தலை போட்டவை 1941 மார்ச்சோடு செல்லாமல் போயின. எட்வர்டு தலை 1942 மே மாதத்தோடு போனது, ஜார்ஜ் தலை போட்ட தரமான வெள்ளி 1943 ஏப்ரலோடு. 1862ஆம் ஆண்டுக் காசு ஒன்று ஏறக்குறைய எண்பது ஆண்டு சட்டப்படி செல்லுபடியாக இருந்திருக்கிறது. பல வீடுகளில் அது இன்றும் பூஜை அறையில் குங்குமத்தோடு இருக்கிறது. செம்பையும் போர் விடவில்லை. காலணாவின் நடுவில் துளை போட்டு உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். 1943 முதல் வெளிவந்த அந்த ஓட்டைக் காலணாவைப் பார்த்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்தப் பாடத்தை நவீன நாணயச்சாலைகள் நன்றாகக் கற்றுக்கொண்டன. உலோகத்தின் விலை முகமதிப்பை எட்டிப்பிடிக்கும் முன்பே காசைச் சிறிதாக்கிவிட வேண்டும். இந்தியாவின் ஒரு ரூபாய்க் காசை வரிசையாக அடுக்கினால் அந்த ஓட்டம் தெரியும். 1975இல் செம்பு-நிக்கலில் 8 கிராம், 1983இல் 6 கிராம். 1992இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறி 4.85 கிராம். 2011இல் 3.79 கிராம். அதற்குப் பின்னும் இளைத்திருக்கிறது. இரும்பில் குரோமியம் கலந்த இந்த எஃகு மிகக் கடினம்; 1992ஆம் ஆண்டுக் காசில் ரூபாயின் எண் இன்றும் தெளிவாக இருக்கும். ஆனாலும் இடைவெளி சுருங்கித்தான் இருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு ஒன்றை அடிக்க 1 ரூபாய் 11 காசு ஆகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018இல் மும்பை நாணயச்சாலை பதில் சொன்னது. 2007இல் இந்தியக் காசுகள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குப் போய் சவர பிளேடாக மாறுவதாகச் செய்திகள் வந்தன. காசை உருக்கினால் ஏழாண்டு வரை சிறை என்கிறது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம்.

உலோகம் மலிவாக இருந்துவிட்டால் காசு என்றும் வாழும் என்றும் சொல்ல முடியாது. அப்போது வேறொன்று காத்திருக்கிறது, விலைவாசி. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தியா அணாவை விட்டு நயா பைசாவுக்கு வந்தபோது ஒரு பைசா வெண்கலத்தில் வந்தது. பிறகு நிக்கல் பித்தளை, 1965இல் முக்கால் கிராம் அலுமினியம். காற்றடித்தால் பறக்கும் அந்தக் காசு, ஒன்றும் வாங்கித்தர முடியாத நிலையில் மெல்ல மறைந்தது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாது என்று அரசு அறிவித்தபோது தெருவில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் பல ஆண்டு முன்பே அவற்றுக்குப் பதில் மிட்டாய் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஐம்பது பைசா இன்னும் சட்டப்படி உயிரோடுதான் இருக்கிறது. கொடுத்துப் பார்த்தால் தெரியும். பத்து ரூபாய்க் காசின் நிலைமை அதைவிட வருத்தத்துக்குரியது. பல வடிவங்களில் வந்ததால், கோடுகள் பத்தா பதினைந்தா, நடுவில் ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று எண்ணி, ஏதோ ஒரு வகை கள்ளக் காசு என்ற வதந்தி பரவியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. அதன் பிறகும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெட்டிக்கடையிலும் பஸ்ஸிலும் அதை வாங்க மறுத்தார்கள். பத்தாண்டு இருபதாண்டு ஓடவேண்டிய நல்ல காசு, உலோகத்தில் ஒரு குறையும் இல்லாமல், அடுத்தவர் வாங்கமாட்டார் என்ற பயத்தால் மட்டுமே முடங்கியது. காசின் புழக்கம் ஒருவர் மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அண்மையில் நடக்கவில்லை. அந்த நம்பிக்கை உடைந்ததில் நட்டப்பட்டது, நாள் முழுதும் சில்லறையில் வியாபாரம் செய்யும் எளியவர்கள்.

இனித் தாளுக்கு வரலாம்.

ரூபாய் நோட்டு மரக்கூழில் செய்த காகிதம் அல்ல, பருத்தி. மரக்கூழில் இருக்கும் லிக்னின் காற்றும் வெயிலும் பட்டுப் பழுப்பாகும். பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ், இழைகளும் நீளம். அமெரிக்க டாலரில் பருத்தியோடு சணல் வகை இழையான லினனும் சேர்கிறது. முன்னும் பின்னுமாக நாலாயிரம் முறை மடித்தால்தான் கிழியும் என்கிறது அதை அச்சடிக்கும் நிறுவனம். இவ்வளவு வலுவான தாளும் சில ஆண்டுகளில் கழிவாகிறது. காரணம் பெரும்பாலும் கிழிசல் இல்லை. நெதர்லாந்து மைய வங்கியின் ஆய்வாளர்கள் நோட்டு அழுக்காவதை ஆராய்ந்தபோது முதன்மைக் குற்றவாளியாக நின்றது மனிதத் தோலில் சுரக்கும் எண்ணெய். விரலிலிருந்து இழைகளுக்குள் ஊறும் அந்தக் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளாகிறது. பிறகு ஈரமும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. தாள் விறைப்பு இழந்து துணிபோலத் துவள்கிறது. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் சட்டைப்பையிலும், இடுப்புச் சுருக்குப் பையிலும், மீன் சந்தையின் ஈரக் கையிலும் கைமாறும் இருபது ரூபாய் நோட்டுக்கு இதெல்லாம் மற்ற ஊர்களைவிட வேகமாக நடக்கும்.

எண்ணெய்தான் காரணம் என்றால் கழுவிவிடலாமே என்ற யோசனையும் வந்திருக்கிறது. 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப்போல் எழுபது மடங்குக்கும் மேல் அழுத்தினால் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஓர் இடைநிலைக்கு வருகிறது. அந்த நிலையில் அது தாளின் இழைகளுக்குள் புகுந்து கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். பாதுகாப்பு இழையும் மையும் அப்படியே இருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2014இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

இந்தியாவில் நோட்டின் ஆயுளைக் குறைத்ததில் வங்கிகளுக்கும் பங்கு இருந்தது. நூறு நோட்டுக் கட்டைப் பெரிய இரும்புப் பின்னால் அடித்து இறுக்கும் வழக்கம் வெகுகாலம் நடந்தது. பிரிக்கும்போது நோட்டில் துளை விழும். நான்கைந்து முறை அடித்தால் அந்த இடமே நைந்துவிடும். 1999இல் தூய நோட்டுக் கொள்கையை அறிவித்த ரிசர்வ் வங்கி, 2001இல் பின் அடிப்பதைத் தடை செய்தது. கட்டைத் தாள் பட்டியால் சுற்றினாலே போதும் என்ற இந்தச் சின்ன மாற்றம் எத்தனையோ கோடி நோட்டுகளைக் காப்பாற்றியிருக்கும். சிறு நோட்டுகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகள் சராசரியாக ஓராண்டளவே தாங்கின. அச்சுச் செலவுக்குக் கட்டுப்படியாகாததால் 1990களின் நடுவில் அவற்றை அச்சடிப்பது நின்று, காசுகள் அந்த இடத்தைப் பிடித்தன.

பொதுவாக மதிப்பு கூடக்கூட நோட்டின் வயதும் கூடும். அமெரிக்க மைய வங்கியின் 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஐந்து டாலர் நோட்டு 4.7 ஆண்டு தாங்குகிறது, இருபது டாலர் 7.8 ஆண்டு, நூறு டாலரோ 22.9 ஆண்டு. தாளும் மையும் ஒன்றேதான். நூறு டாலரை மக்கள் செலவழிப்பதைவிடச் சேர்த்துவைப்பது அதிகம். ஜப்பானில் ஆயிரம் யென் நோட்டு ஓரிரு ஆண்டில் கழிகிறது, பத்தாயிரம் யென் நான்கைந்து ஆண்டு ஓடுகிறது.

இந்த ஆயுளைக் கணக்கிடுவது எளிது. புழக்கத்தில் இருக்கும் நோட்டுகளின் எண்ணிக்கையை ஓராண்டில் கழிக்கப்படும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2023 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 13,600 கோடி நோட்டுகள் புழங்கின. அந்த நிதியாண்டில் ரிசர்வ் வங்கி அழித்தவை ஏறக்குறைய 2,290 கோடி. வகுத்தால் ஆறு ஆண்டு. இது எல்லா மதிப்புகளையும் கலந்த சராசரி என்பதால் பத்து ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் தனித்தனியே பொருந்தாது. ஆனால் வேலையின் அளவைக் காட்டும். மணிக்கு ஐம்பது அறுபதாயிரம் நோட்டுகளைச் சரிபார்க்கும் இயந்திரங்கள் அழுக்கையும் கிழிசலையும் உணர்கருவிகளால் அளந்து, தேறாதவற்றை அங்கேயே துகளாக்குகின்றன. துகள்கள் அழுத்தப்பட்டுக் கட்டிகளாக வெளிவருகின்றன.

தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் என்ற வழியை முதலில் திறந்தது ஆஸ்திரேலியா. 1988இல் ஒரு பத்து டாலர் நினைவு நோட்டில் தொடங்கி, 1996க்குள் எல்லா மதிப்புகளையும் பாலிமருக்கு மாற்றியது. கள்ள நோட்டைத் தடுப்பதற்காகத் தொடங்கிய முயற்சி அது. நீண்ட ஆயுள் கூடுதல் லாபம். கனடாவும் பிரிட்டனும் தங்கள் பாலிமர் நோட்டு தாளைவிட இரண்டரை மடங்கு உழைக்கும் என்கின்றன. எண்ணெய் அதில் ஊறாது, துடைத்தால் போய்விடும். இந்தியாவிலும் பத்து ரூபாய் பாலிமர் நோட்டைச் சோதிக்கக் கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், புவனேஸ்வர், சிம்லா என்று தட்பவெப்பம் மாறுபடும் ஐந்து நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆனால் அந்த நோட்டு பொதுப் புழக்கத்துக்கு வரவே இல்லை. கொச்சியின் ஈரத்திலும் ஜெய்ப்பூரின் வெயிலிலும் அது எப்படித் தாங்கியிருக்கும் என்ற விவரம் கிடைத்திருந்தால் மற்ற வெப்ப நாடுகளுக்கும் பயன்பட்டிருக்கும்.

ஆணையால் முடியும் நோட்டுகளும் உண்டு. 1946இலும் 1978இலும் பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் போயின. அவற்றின் மதிப்பில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பியது. அதற்குப் பதிலாக வந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டை 2023 மே 19ஆம் தேதி திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது ரிசர்வ் வங்கி சொன்ன காரணங்களுள் ஒன்று அதன் வயது. பத்தில் ஒன்பது பங்கு 2017 மார்ச்சுக்கு முன் வெளியிட்டவை, நான்கு ஐந்து ஆண்டு என்ற மதிப்பிட்ட ஆயுளின் முடிவுக்கு வந்துவிட்டவை என்றது. அதிகம் கைமாறாத பெரிய நோட்டுக்கு இந்த எண் குறைவாகவே படுகிறது. அலமாரியில் கிடந்து மடிப்புக் குலையாமல் திரும்பிவந்த நோட்டுகள் ஏராளம்.

ஜெவன்ஸ் செய்த கணக்கெடுப்பை இன்று தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியும் செய்யலாம்; செய்யவும் வேண்டும். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு நாள் சேரும் காசுகளின் ஆண்டைக் குறித்துக்கொண்டால் போதும். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. காந்தத்தில் ஒட்டினால் எஃகு, ஒட்டாத பழைய ரூபாய் செம்பு-நிக்கல். எந்த ஆண்டில் எவ்வளவு அடித்தார்கள் என்பதோடு ஒப்பிட்டால், எந்த வயதுக் காசுகள் அதிகம் மறைந்திருக்கின்றன என்று தெரியும். கோயில் உண்டியலிலும் வீட்டு உண்டியலிலும் தூங்கும் காசுகளை இந்தக் கணக்கு பிடிக்காது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். 2005க்குப் பிறகு அச்சான நோட்டுகளின் பின்பக்கம் கீழே ஆண்டு இருக்கிறது. நோட்டுகளுக்குத் தனிப் பட்டியல் போடுவது நல்லது, அதிலும் மதிப்புவாரியாகப் பிரித்துப் போட வேண்டும். பத்து ரூபாயையும் ஐந்நூறு ரூபாயையும் ஒரே பட்டியலில் கலந்தால் வரைபடத்தில் ஒன்றும் புலப்படாது.